உறைந்த மாமாக்களும் ரஷ்யச் சிப்பாய்களும்

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, டொரண்டோவின் ஓரத்தில் இருக்கும் அஜின்கோர்ட்டில் பஸ் ஏறினோம். கட்டணம் இரண்டு டாலர். அதே சீட்டில் பஸ்ஸிலிருந்து சுரங்க ரயிலுக்கும் மாறிக்கொள்ளலாம். ஓட்டுநர் கிழித்துத் தரும் துண்டுத் தாளை மட்டும் தொலைத்துவிடக் கூடாது. நான் அதைக் கைப்பையில் வைத்தேன். பிறகு எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குணம் சிரித்துவிட்டார்.

“அக்கா, உது பாஸ்போர்ட் இல்லை. சும்மா கையிலை வைச்சிருங்கோ.”

குணமும் அவர் மனைவி பத்மாவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். எண்பதுகளில் நாட்டை விட்டு வந்தபோது சென்னை கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்தார்கள். அப்போதே “ஒருநாள் உங்களைக் கூப்பிடுவம் அக்கா” என்று பத்மா சொல்வாள். கனடாவில் குடியேறிய பிறகு சொன்னதைச் செய்துவிட்டாள். தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் மாதத்தில், ஐம்பத்தொரு வயதில் நான் டொரண்டோவில் வந்து இறங்கினேன். அவர்கள் அதை ரொறன்ரோ என்கிறார்கள். காதுக்கு அதுதான் இதமாக இருக்கிறது.

குணத்துக்கு வார நாட்களில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறுகளில் ஏரிக்கரையில் இருக்கும் திறந்தவெளி அரங்கில் மேடைக்கு மின்சாரக் கம்பி இழுப்பார், விளக்கு தூக்குவார். முந்தின நாள் தொழிற்சாலை வேலை முடிந்து, அரங்கையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே என்னிடம் அறிவித்தார்:

“அக்கா, உங்கடை ஆக்கள் வந்திருக்கினம்.”

“என் ஆட்களா? யாரு?”

“ரஷ்யாக்காரர். ஆமிக்காரர். நாற்பத்தைஞ்சு பேர். ஞாயிற்றுக்கிழமை பாடப் போகினம்.”

ரஷ்யர்கள் என் ஆட்களானதற்குக் காரணம் உண்டு. நான் ஆறு வருஷம் மாஸ்கோவில் இருந்து ரஷ்யப் புத்தகங்களைத் தமிழில் மொழிபெயர்த்தேன். ஊர் திரும்பிய பின்னும் தபாலில் வேலை வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த நாடே இல்லாமல் போனது, தபாலும் நின்றது. சென்னையில் ஒரு வார இதழில் பிழை திருத்த உட்கார்ந்தேன். நான்கு வருஷமாக யாரிடமும் ஒரு வார்த்தை ரஷ்யன் பேசியதில்லை. பேச ஆளில்லை.

“பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“ஓம். நாளைக்கு ஒத்திகை. வாங்கோ.”

கென்னடி ஸ்டேஷனில் சுரங்க ரயில் ஏறி, நடுவில் ஒருமுறை மாறி, யூனியன் ஸ்டேஷனில் இறங்கினோம். அஜின்கோர்ட்டிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து உயர்த்திக் கட்டிய நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து பத்து நிமிடம் தெற்கே நடந்தால் ஒன்ராறியோ ஏரி. நான் அதைக் கடல் என்றுதான் எண்ணினேன். எதிர்க்கரை தெரியவில்லை, அலை அடிக்கிறது, நாரை மாதிரி எதுவோ பறக்கிறது. உப்பு வாசனை மட்டும் இல்லை. வாசனை இல்லாத கடலைப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது.

8.40. அரங்கின் பின்வாசலில் ஒரே கூச்சல். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் லின்டா, நாற்பது வயதுப் பெண், கையில் வாக்கிடாக்கியுடன் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்த இளைஞனின் மனைவிக்கு அன்று விடியற்காலையில் பிரசவமாகிவிட்டதாம். பெண் குழந்தை. அவன் மருத்துவமனையில் இருக்கிறான், இரண்டு நாளைக்கு வர மாட்டான். “குழந்தை நலம். எனக்குத்தான் நலமில்லை” என்றார் லின்டா.

குணம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கண்ணால் சைகை செய்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. தன் அக்கா மாஸ்கோவில் இருந்தவர், ரஷ்யனில் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர் என்று லின்டாவிடம் ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். லின்டா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

இப்படித்தான் ஒன்பது மணிக்கு நான் கர்னல் வலேரி பெத்ரோவிச்சின் முன்னால் நின்றேன். சிப்பாய்ப் பாடகர் குழுவின் இசை நடத்துநர் அவர். குள்ளமான மனிதர், சீருடையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. நான் வணக்கம் சொன்னதும் அவர் புருவம் உயர்ந்தது.

“உங்கள் பெயர்?”

“கமலா.”

“தந்தை பெயர்?”

“சுப்பையா.”

“கமலா சுப்பையெவ்னா” என்றார், கொஞ்சமும் தடுமாறாமல். மாஸ்கோவில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அடுத்து நான் பேசிய நாலைந்து வாக்கியங்களில் வேற்றுமை உருபெல்லாம் தப்பு. ரொம்ப நாள் திறக்காத குழாயில் முதலில் செம்பழுப்பாகத் தண்ணீர் வருமே, அப்படி வந்தது. பிறகு தெளிந்தது.

சிக்கல் 9.20க்கு மேடைக்கு வந்தது. ஏழு பேர். வட ஒன்ராறியோவில் ஒரு நிக்கல் சுரங்க ஊரைச் சேர்ந்த ராக் இசைக் குழு. அவர்களுடைய ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘உறைந்த மாமாக்கள்’. ஆளுக்கொரு ஒட்டுத் தாடி. முழங்கால் வரை தொங்குகிறது. கறுப்புக் கோட்டு, கழுத்தில் தாடி விலகும்போது தெரியும் வில் வடிவ டை, காலில் ஐஸ் ஹாக்கியில் கோல் காப்பவர்கள் கட்டும் மெத்தை போன்ற காப்புகள். அவற்றைக் கட்டிக்கொண்டு வாத்து மாதிரிதான் நடக்க முடியும். நடந்து வந்தார்கள். தலைவர் டக், நல்ல உயரம், கழுத்தில் கிடார். அவர் கோட்டின் மார்பில், தாடிக்கு இருபுறமும் வரிசையாகச் சோடா மூடிகள், பதக்கம் போலக் குத்தியிருந்தன.

கர்னல் அந்த மூடிகளைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களின் மார்பைப் பார்த்தார். அங்கே உண்மையான பதக்கங்கள்.

“சுப்பையெவ்னா, இந்தக் கோமாளிகளுடன் என் ஆட்கள் ஒரே மேடையில் நிற்க மாட்டார்கள். நாங்கள் எங்கள் பாட்டைப் பாடிவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவோம். அந்தத் தாடிக்காரனிடம் சொல்லுங்கள்.”

இரண்டு குழுவும் சேர்ந்து பாடும் என்றுதான் ஊர் முழுக்கச் சுவரொட்டி. மறுநாளைக்குச் சீட்டுகள் எல்லாம் விற்றாகிவிட்டன. லின்டா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டக்கிடம் திரும்பி, “உங்கள் உடையைப் பற்றிக் கர்னல் யோசிக்கிறார்” என்றேன்.

“பிடித்திருக்கிறதாமா?” டக்கின் முகம் மலர்ந்துவிட்டது. கால் காப்புகளை ஒன்றோடொன்று ‘டப்’பென்று மோதி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சோடா மூடிகள் கலகலத்தன. பின்னால் இருந்த ஆறு மாமாக்களும் அடித்தார்கள். ஒருவருக்குத் தாடி கழன்று விழுந்தது.

கர்னலின் முகம் செங்கல் நிறமானது. நாற்பத்தைந்து பேரும் அசையவில்லை.

கம்பிச் சுருளோடு பக்கத்தில் நின்ற குணம் மெதுவாகக் கேட்டார்: “அக்கா, அவர் உண்மையிலை என்ன சொன்னவர்?”

நான் சொன்னேன்.

“அப்ப ஏன் மாத்திச் சொன்னனீங்கள்? அந்தாள் பாவம், பாராட்டெண்டெல்லோ நினைச்சுக்கொண்டு நிக்குது.”

இத்தனை வருஷத்தில் ஒரு வரியைக்கூட மாற்றி எழுதியவள் இல்லை நான். அன்று இரண்டு தரப்பும் என் ஒருத்தியை நம்பி நின்றபோது மாற்றிவிட்டேன். முதலில் கர்னலிடம் போய், “நீங்கள் சொன்னதை நான் சரியாகச் சொல்லவில்லை. பயந்துவிட்டேன்” என்றேன். பிறகு டக்கிடம் போய்க் கர்னலின் வார்த்தைகளை, கோமாளி உட்பட, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

டக் காதோரம் கை வைத்துத் தாடியைக் கழற்றினார். உள்ளே சவரம் செய்த முகம். நான் நினைத்ததைவிட வயது அதிகம். மூடிகளைத் தொட்டுக்காட்டிச் சொன்னார்: “இது கேலி இல்லை என்று சொல்லுங்கள். என் அப்பா சுரங்கத்தில் இருந்தார். ஒரு வருஷம் முழுக்க அவர்கள் குழுவில் யாருக்கும் அடிபடவில்லை என்றால், ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டு மூடியை ஒருவருக்கொருவர் சட்டையில் குத்திவிடுவார்கள். வேறு பதக்கம் யாரும் கொடுக்கவில்லை. நானும் பதினான்கு வருஷம் கீழே இறங்கினேன். இதில் ஒன்பது என்னுடையது. மீதி அப்பாவுடையது.”

நான் ஒரு சொல் விடாமல் ரஷ்யனில் சொன்னேன். சொல்லி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஓர் ஆள் முன்னே வந்தார். பாவெல் அந்திரேயெவிச், குழுவின் அடிக்குரல் பாடகர், அறுபதை நெருங்கியவர், அலமாரி மாதிரி உடம்பு. கர்னலிடம் அனுமதி கேட்கவில்லை.

“எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள்.”

கேட்டேன். ஆறாயிரம் அடி என்றார் டக். ரஷ்யர்களுக்கு அடிக் கணக்கு தெரியாது. நான் மனசுக்குள் மீட்டராக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பெரிய ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

“ஆயிரத்து எண்ணூறு மீட்டர்.”

பாவெல் சீட்டியடித்தார். “எங்களுடையது எழுநூறுதான். நிலக்கரி. ராணுவத்துக்கு வருமுன் பதினொரு வருஷம் இருந்தேன்.” தன் மார்பில் கடைசியாக இருந்த பதக்கத்தைத் தொட்டார். அது சுரங்கத் தொழிலாளிக்குக் கொடுப்பது. “கீழே பாடுவீர்களா?”

“பாடாமல்? அங்கேதான் பாட்டே கற்றுக்கொண்டோம்.”

“நானும்தான்” என்றார் பாவெல். பிறகு கர்னலிடம் திரும்பி, “வலேரி பெத்ரோவிச், இவர்கள் கோமாளிகள் இல்லை. கொஞ்சம் கிறுக்கர்கள். அவ்வளவுதான்” என்றார்.

கர்னல் சீருடையின் நுனியைப் பிடித்து, சுருக்கமே இல்லாத இடத்தில் சுருக்கம் நீக்கினார். கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னார். மாமாக்களின் பாட்டு ஒன்றைத் தன் குழு பாடும். பதிலுக்குத் தன் பாட்டு ஒன்றை மாமாக்கள் பாட வேண்டும்: தாடி இல்லாமல், சேட்டை இல்லாமல், ரஷ்யனில்.

“ஒப்புக்கொண்டோம்” என்றார் டக். லின்டா அங்கிருந்த ஒலிபெருக்கிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

11.00. மாமாக்களின் பாட்டை நான் சிப்பாய்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. குளிர்காலக் காலை, மைனஸ் முப்பது டிகிரி. ஒருவன் வேலைக்குக் கிளம்புகிறான். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. காரைத் தடவுகிறான், கெஞ்சுகிறான், கல்யாணம் செய்துகொள்வதாகக்கூட வாக்குக் கொடுக்கிறான். பல்லவி முழுக்க ‘ஸ்டார்ட், ஸ்டார்ட்’ என்ற ஒரே சொல்தான். இந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களாம்.

சிப்பாய்கள் யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

“பேட்டரியை ராத்திரியே கழற்றி வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்” என்றார் ஓர் இளம் பாடகர்.

“பேட்டரி இல்லை, எண்ணெய் உறைந்திருக்கும்” என்றார் இன்னொருவர்.

பத்து நிமிடம் வாக்குவாதம். நான் அத்தனையையும் டக்குக்குச் சொல்ல, அவர் தன் கட்சியை எடுத்து வைக்க, அதை நான் திருப்பிச் சொல்ல, மோட்டாருக்குள் இருக்கும் ஏதோ ஒரு பாகத்துக்கு எனக்கு எந்த மொழியிலும் பெயர் தெரியாமல் விழிக்க, பாவெல் காற்றில் படம் வரைந்து காட்டினார். கர்னல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“கடைசியில் வண்டி கிளம்புகிறதா?”

“இல்லை” என்றார் டக்.

“நல்லது. அப்படியென்றால் இது பாட்டுதான்.” இசை நடத்தும் குச்சியை எடுத்தார்.

அந்தப் பல்லவியை அவர்கள் பாடியதை எப்படிச் சொல்வது? நாற்பத்தைந்து ஆண்கள் நான்கு குரல்களில், போர்க்களத்தில் விழுந்த நண்பனைத் தட்டி எழுப்புவது போல, ‘ஸ்டார்ட்’ என்று ஒரு காரிடம் இறைஞ்சினார்கள். மாமாக்களில் மேளம் வாசிப்பவர் கோலை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். மாலை நாலு மணி வரை நான் உட்காரவில்லை. கர்னலின் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி ஏழு தாள்கள் தயார் செய்தேன். ஆற்றைக் கடக்கும் படகுக்காரனிடம் வீட்டுச் சேதி கேட்கும் சிப்பாயின் பாட்டு அது.

ஞாயிற்றுக்கிழமை, பகல் 1.30. வானம் சுத்தமாக இருந்தது. ஏரியிலிருந்து காற்று மட்டும் பலம். பத்மா எலுமிச்சஞ்சாதமும் வடையும் கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் பூப்போட்ட தலைத்துணி கட்டிய ரஷ்யப் பாட்டிமார். மறுபக்கம் ஹாக்கிச் சட்டையும் ஒட்டுத் தாடியும் போட்ட இளவட்டங்கள். மூவாயிரம் பேர் இருப்பார்கள் என்றார் லின்டா. நான் மேடையோரத்தில் திரைக்குப் பின்னால் நின்றேன்.

இரண்டு மணிக்குச் சிப்பாய்கள் தொடங்கினார்கள். தலைத்துணிப் பாட்டிமார் கூடவே பாடினார்கள். அடுத்து மாமாக்கள் வாத்து நடையில் வர, இளவட்டங்கள் கத்தின கத்தலில் ஏரிப் பறவைகள் எழும்பின. மூன்று மணிக்கு இரண்டு குழுவும் சேர்ந்து நின்றன. கார்ப் பாட்டு ஆரம்பித்தது.

இரண்டாவது சரணத்தில் ஒலிபெருக்கி ‘விக்’ என்று ஒரு சத்தம் போட்டுச் செத்தது. விளக்குகள் அணைந்தன. டக் கிடாரைத் தட்டுகிறார். கொசு ரீங்காரம் மாதிரி கேட்கிறது. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. குணம் அதை நோக்கிப் பாய்ந்து ஓடினார்.

கர்னல் கையை இறக்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. இடது கையை மெல்ல மேலே உயர்த்தினார். நாற்பத்தைந்து நெஞ்சுகள் விரிந்தன. மின்சாரம் இல்லாமலே பாடிப் பழகிய கூட்டம் அது. “ஸ்டார்ட்… ஸ்டார்ட்…” என்று அந்தக் குரல் காற்றை எதிர்த்துக் கடைசி வரிசை வரை போனது. டக் கிடாரை முதுகுக்குத் தள்ளிவிட்டுச் சிப்பாய்களோடு சேர்ந்துகொண்டார். இதெல்லாம் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று ஜனங்கள் எண்ணிவிட்டார்கள். யாரோ எழுந்து நின்று கைதட்டிப் பாட, மூவாயிரம் பேரும் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் பின்னால் பார்த்தேன். குணம் ஜெனரேட்டரின் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார், இழுக்கிறார், வியர்த்துக் கொட்டுகிறது. அவர் தலைக்கு மேல் மூவாயிரம் பேர் ‘ஸ்டார்ட், ஸ்டார்ட்’ என்று முழங்குகிறார்கள்.

“அக்கா, உவையைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ! எனக்குக் கை பதறுது!”

“அதை எந்த மொழியில சொல்றது குணம்?” என்று கத்தினேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்தார். ஜெனரேட்டர் உறுமியது.

விளக்கெல்லாம் பளிச்சென்று எரிய, டக்கின் கிடார் இடி மாதிரி முழங்க, ஜனங்கள் ஆர்ப்பரித்து எழுந்தார்கள். கர்னல் என் பக்கம் திரும்பிக் கத்தினார்: “சுப்பையெவ்னா! வண்டி கிளம்பாது என்றல்லவா சொன்னார்கள்!” அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். குச்சி பிடித்த கை குலுங்கியதில் அடுத்த அடியைக் குழு தானாகவே எண்ணிக்கொண்டது.

கடைசியாகப் படகுக்காரன் பாட்டு. மாமாக்கள் தாடிகளைக் கழற்றி மேடை ஓரத்தில் ஒழுங்காக அடுக்கிவிட்டு, என் தாள்களோடு சிப்பாய்களின் வரிசைக்குள் போய் நின்றார்கள். மூன்றாம் அடியில் கர்னல் எதிர்பாராமல் டக்கைச் சுட்டிக்காட்டினார். டக் அந்த ஒரு வரியைத் தனியாகப் பாடினார். உச்சரிப்பு முழுக்கத் தப்பு. அதற்கடியில் பாவெலின் குரல் தரையோடு தரையாகப் போய் அதைத் தாங்கியது. முடிந்ததும் ஜனங்கள் கைதட்டத் தொடங்கினார்கள். நிறுத்தவே இல்லை.

பத்மா மேடைக்குப் பின்னால் வந்தாள். கண் சிவந்திருந்தது. “இவ்வளவு வடிவாப் பாடுறவங்கள் ஏனக்கா உந்தத் தாடியைக் கட்டினவங்கள்?” என்றாள். வடைகள் எப்படியோ சிப்பாய்கள் கைக்குப் போய்விட்டன. பாவெல் நான்கு தின்றார்.

5.00. சிப்பாய்களின் பஸ் புறப்படத் தயாரானது. கர்னல் படியில் ஒரு காலை வைத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“உங்கள் ரஷ்யன் பழையது, கமலா சுப்பையெவ்னா. எங்கள் பள்ளி ஆசிரியை பேசுகிற மாதிரி. இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.”

எனக்கு முகம் சுருங்கியது.

“மாற்றிக்கொள்ளாதீர்கள்” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

மாமாக்கள் தெருவில் வரிசையாக நின்று பஸ் மறையும் வரை கையசைத்தார்கள். கால் காப்புகளைக் கழற்றக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு நான் பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன். எல்லோரும் போகும் நீர்வீழ்ச்சிக்கும் போனேன். நல்ல அருவிதான்; குற்றாலத்தில் குளிக்கலாம், இதில் குளிக்க முடியாது. ஊர் திரும்பும் விமானத்தில் நினைவுக்கு வந்ததெல்லாம் அருவி இல்லை. சுரங்கத்தின் ஆழத்தை நான் சொன்னபோது பாவெல் சீட்டியடித்தது, கர்னல் சிரித்துக் குலுங்கியது, பேட்டரிச் சண்டைக்கு நடுவே டக் தலையில் அடித்துக்கொண்டது. நான் மொழிபெயர்த்த ஒரு வாக்கியம் ஒருவருடைய முகத்தில் போய் இறங்குவதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. புத்தகம் அச்சாகும், கப்பலில் போகும், எங்கோ விற்கும். யார் வாங்கினார்கள், படித்தார்களா, தூங்கிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது.

கோடம்பாக்கம் வீட்டு அலமாரியில் என் புத்தகங்கள் பதினான்கு இருக்கின்றன. வந்த மறுநாள் அவற்றை இறக்கித் தூசி தட்டினேன். குழந்தைக் கதை ஒன்றில் கரடி தன் தொப்பியைத் தொலைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழும். அந்த இடத்தைத் தமிழில் எழுதிய அன்று மாஸ்கோவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தஞ்சாவூரிலோ தூத்துக்குடியிலோ, வேறு எந்த ஊரிலோ, ஒரு பிள்ளையும் அங்கே சிரித்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன். பதினான்கில் ஒன்றான டிராக்டர் பராமரிப்புப் புத்தகத்தைப் பற்றி மட்டும் அந்த நம்பிக்கை இல்லை.